சந்தேகப்படுவதற்கும் காரணம் வேண்டும்

நிழலைப் பார்த்தால் அசையாமல் நிற்பதுபோல் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இடம் மாறியிருக்கிறது. நட்சத்திரம் ஒரு தங்க நாணயம் அளவுக்குத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. வடிவியல் கணக்கோ அது பூமியைவிடப் பெரியது என்கிறது. கண் சொன்ன பொய்யைக் கணக்கு கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறது. இதுவரை புதிதாக ஒன்றுமில்லை. புலன்கள் ஏமாற்றும், அறிவு திருத்தும் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அல் கஸாலி (1058–1111) என்ற பாரசீக அறிஞர் அதோடு நிற்கவில்லை. பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்று நூலில், தோற்றுப்போன புலன்களே எழுந்து அறிவைக் குறுக்கு விசாரணை செய்வதாக ஒரு வாதத்தை வைக்கிறார். அறிவு என்ற நீதிபதி வரும்வரை நீ எங்களை நம்பிக்கொண்டுதானே இருந்தாய்? அறிவுக்கும் மேலே வேறொரு நீதிபதி இருந்து, அது வந்தால் அறிவையும் பொய்யென்று தீர்த்துவிடாது என்பது உனக்கு எப்படித் தெரியும்? அப்படி ஒன்று இதுவரை வெளிப்படவில்லை என்பதால் அது இல்லவே இல்லை என்று ஆகிவிடுமா?

ஏறக்குறைய இரண்டு மாதம் இந்தக் கேள்வியிலேயே சிக்கிக் கிடந்ததாகக் கஸாலி எழுதுகிறார். வாதத்தால் வெளியே வர முடியவில்லை. காரணத்தையும் அவரே சொல்கிறார்: எந்த நிரூபணத்தையும் அடிப்படை உண்மைகள் சிலவற்றைச் சேர்த்துத்தான் கட்ட வேண்டும், அந்த அடிப்படைகளே சந்தேகத்தில் இருக்கும்போது எதை வைத்துக் கட்டுவது? கடைசியில், இறைவன் தன் நெஞ்சில் இட்ட ஒளியால்தான் மீண்டதாகச் சொல்லி முடிக்கிறார். இந்த முடிவை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். வாதத்தால் வெளியே வர முடியாது என்று அவர் சொன்ன இடம்தான் முக்கியமானது. அந்த இடத்திலேயேதான் அடுத்த எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாகத் தத்துவம் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டது.

தத்துவப் பாடநூல்கள் இந்தக் கதையை நேர்த்தியாகச் சொல்லும். நாம் தெரிந்துகொள்வதற்கெல்லாம் அறிவே ஊற்று என்ற அறிவுவாதிகள் ஒரு கட்சி, அனுபவமே ஊற்று என்ற அனுபவவாதிகள் இன்னொரு கட்சி, ஸ்காட்லாந்தின் ஹியூம் வந்து இரண்டையும் ஆட்டிவைத்தார், ஜெர்மனியின் காண்ட் வந்து சமரசம் செய்தார், சுபம். இந்தக் கதையில் ஐயம் வெளியிலிருந்து வரும் எதிரி. எனக்கு இது சரியாகப் படவில்லை. அறிவுவாதமும் அனுபவவாதமும் தத்தம் விதிகளைக் கறாராகக் கடைப்பிடித்ததால்தான் முட்டிக்கொண்டன. அதைவிடச் சுவாரசியமானது, பெரும்பாலும் பேசப்படாமல் போவது இன்னொன்று: அதே கறாரான சோதனையை ஐயத்துக்கும் வைத்தால் என்ன ஆகும்?

முதலில் அறிவுவாதம். ரெனே தெகார்த் 1641-இல் வெளியிட்ட ‘தியானங்கள்’ நூலில் சந்தேகத்தை ஒரு கருவியாக எடுத்துக்கொண்டார். ஒருமுறை ஏமாற்றியதை முழுதாக நம்பக் கூடாது, ஆகவே புலன்கள் போயின. நான் இப்போது விழித்திருக்கிறேன் என்பதற்கு உறுதியான அடையாளம் ஏதும் இல்லை, கனவிலும் இப்படித்தான் தோன்றும், ஆகவே கண்ணெதிரே இருக்கும் கையும் உடலும் போயின. சகல வல்லமையும் கொண்ட ஒரு வஞ்சகச் சக்தி, நான் இரண்டையும் மூன்றையும் கூட்டும்போதெல்லாம் என்னைத் தவறச் செய்துகொண்டிருக்கலாம், ஆகவே கணிதமும் போயிற்று. மிச்சம் நின்றது ஒன்றுதான். ஏமாற்றப்படுகிறேன் என்றால்கூட, ஏமாறுவதற்கு நான் இருந்தாக வேண்டும்.

பிரமாதமான இடம்தான். ஆனால் அங்கிருந்து உலகத்துக்குத் திரும்ப வழி வேண்டுமே. தெளிவாகவும் துலக்கமாகவும் மனத்தில் படுவதெல்லாம் உண்மை என்று ஒரு விதி வைத்தார். அந்த விதிக்கு உத்தரவாதம் யார்? ஏமாற்றாத கடவுள். கடவுள் இருப்பது எப்படித் தெரியும்? தெளிவாகவும் துலக்கமாகவும் தெரிகிறது. நூல் அச்சேறும் முன்பே கையெழுத்துப் படியைப் படித்த அந்துவான் அர்னோ என்ற இறையியலாளர் இந்தச் சுழலைச் சுட்டிக்காட்டிவிட்டார். அவருடைய ஆட்சேபமும் தெகார்த்தின் பதிலும் அந்த நூலிலேயே சேர்ந்து வெளிவந்தன. பதில் போதுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. தெகார்த்தின் நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம். தன் நூலைத் தாக்குபவர்களை அதே அட்டைக்குள் உட்காரவைத்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

அறிவுவாதத்தின் பெரிய சிக்கல் இதுகூட இல்லை. தூய அறிவு எல்லாருக்கும் பொது, கணிதத்தைப் போல ஒரே விடையைத் தரும் என்பதுதான் அந்தக் கட்சியின் முழு நம்பிக்கை. அப்படியானால் விடை எல்லாருக்கும் ஒன்றாக அல்லவா வந்திருக்க வேண்டும்? படைக்கப்பட்ட உலகில் மனம், பருப்பொருள் என இரண்டு வகை என்றார் தெகார்த். வரையறைகள், அடிக்கோள்கள், தேற்றங்கள் என்று யூக்ளிட் பாணியிலேயே எழுதிய ஸ்பினோசாவின் நூல் 1677-இல், அவர் இறந்த வருடம், வெளியானது. அதன் முடிவு: இருப்பது ஒரே ஒரு பொருள்தான். 1714-இல் லைப்னிட்ஸ் எழுதிய ‘மோனடாலஜி’யில் எண்ணற்ற மோனடுகள், அதாவது பகுக்க முடியாத எளிய பொருள்கள். முறை கிட்டத்தட்ட ஒன்று, ஆட்களோ அந்தக் காலத்தின் கூர்மையான மூளைகள், விடை மட்டும் இரண்டு, ஒன்று, முடிவிலி. முரண்பாடு இல்லாமல் ஓர் உலகத்தைக் கட்டிக்காட்ட அறிவால் முடியும். அப்படிக் கட்டிய பல உலகங்களில் நாம் வாழ்வது எதில் என்று அறிவு மட்டும் தனியாகச் சொல்லிவிட முடியாது. யாராவது வெளியே போய்ப் பார்த்துவர வேண்டும்.

அனுபவவாதம் கிளம்புவது அந்த ‘பார்த்துவர வேண்டும்’ என்ற இடத்திலிருந்துதான். ஜான் லாக் 1689-இல் வெளியிட்ட தன் பெருநூலில் மனத்தை வெள்ளைத் தாளாகக் கொண்டார். அதில் எழுதுவது முழுக்க அனுபவம். லைப்னிட்ஸ் இதற்கு வரிக்கு வரி பதில் எழுதி 1704-இல் முடித்தார். அந்த ஆண்டே லாக் இறந்துவிட, நூலை வெளியிடாமல் வைத்துவிட்டார். அது 1765-இல்தான் அச்சானது. முன்பு புலன்களில் இல்லாத எதுவும் அறிவில் இல்லை என்ற பழைய வாசகத்தோடு லைப்னிட்ஸ் ஒரு வாலை மட்டும் ஒட்டினார்: அறிவைத் தவிர. எழுதுவதற்குத் தாள் என்ற ஒன்று முதலில் வேண்டாமா என்ற கேள்விதான் அது.

இந்தத் தகராறில் ஒரு பகுதியைப் பரிசோதித்தே பார்க்க முடிந்தது என்பது ஆச்சரியம். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டுப் பழகியிருக்கிறார். திடீரென்று பார்வை கிடைத்தால், தொடாமல் பார்த்த மாத்திரத்தில் எது எதுவென்று சொல்வாரா? அயர்லாந்துக்காரரான வில்லியம் மோலினோ 1688-இல் எழுப்பிய கேள்வி இது. மாட்டார் என்பதே அவருடைய கருத்து, லாக்குடைய கருத்தும்கூட. பவன் சின்ஹா தலைமையில் இந்தியாவில் நடந்த ‘பிரகாஷ்’ திட்டம், பிறவிப் பார்வைக் குறையுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சைக்கு வழிசெய்து, கூடவே ஆய்வும் செய்தது. 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. தொட்டுப் பார்த்த பொருளைக் கண்ணால் அடையாளம் காண அவர்களால் முதலில் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். லாக்குக்கு வெற்றி. ஆனால் சில நாட்களிலேயே அந்தத் திறமை வந்துவிட்டது. வெள்ளைத் தாள் அவ்வளவு வேகமாகக் கற்குமா என்று லைப்னிட்ஸ் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கத்தான் செய்யும்.

சரி, அனுபவவாதத்தை அதன் கடைசிவரை கொண்டுபோனவர் டேவிட் ஹியூம். அவருக்கு முன்பே ஜார்ஜ் பெர்க்லி 1710-இல் ஒரு படி முன்னே போயிருந்தார்: நாம் அனுபவிப்பதெல்லாம் மனத்தில் தோன்றும் எண்ணங்கள்தான் என்றால், அவற்றுக்குப் பின்னால் யாருமே கண்டிராத ‘பருப்பொருள்’ ஒன்று எதற்கு? ஹியூம் 1739–40-இல் வெளியிட்ட நூலில் இதே கத்தியைக் காரண காரியத்தின் மீதும் ‘நான்’ என்பதன் மீதும் வைத்தார். ஒரு பந்து இன்னொன்றில் மோதுகிறது, இரண்டாவது உருள்கிறது. இதில் நாம் பார்த்தது என்ன? முதலில் ஒன்று, அடுத்து ஒன்று. முதலாவது இரண்டாவதை உருளவைத்தே தீர வேண்டிய கட்டாயத்தை யார் பார்த்தது? ‘நான்’ என்பதை உள்ளே தேடினால் சூடு, குளிர், வெளிச்சம், வலி என்று ஏதாவதொரு உணர்வுதான் அகப்படுகிறது, அதை வைத்திருக்கும் ஆள் அகப்படுவதில்லை. தெகார்த்துக்கு மிஞ்சிய ஒரே சொத்தும் இப்படிப் போயிற்று.

இதில் ஆழமான வெட்டு தொகுத்தறிதல் மீது விழுந்தது. இதுவரை நெருப்பு சுட்டது, இனியும் சுடும் என்கிறோம். இந்த ‘ஆகவே’வுக்கு என்ன ஆதாரம்? தர்க்கம் இல்லை, நாளை நெருப்பு சுடாது என்று சொன்னால் அதில் முரண்பாடு ஏதும் கிடையாது. அனுபவம் என்றால், அனுபவம் எல்லாம் நேற்றுவரை நடந்ததைப் பற்றியது. நாளையும் நேற்றைப் போலவே இருக்கும் என்று சேர்த்தால்தான் அது பேசும். இதுவரை நாளை நேற்றைப் போலத்தானே இருந்தது என்று பதில் சொன்னால், எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே பயன்படுத்திவிட்டோம். ஹியூமின் தீர்ப்பு: இது பகுத்தாய்ந்து வருவதில்லை, பழக்கம். விலங்குகளும் இதைத்தான் செய்கின்றன.

1955-இல் நெல்சன் குட்மன் இந்தக் காயத்தில் உப்பைத் தூவினார். இதுவரை பார்த்த மரகதங்கள் எல்லாம் பச்சை. ‘பசுநீலம்’ என்று புதுக் குணம் ஒன்றை வைத்துக்கொள்வோம்: ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் சோதித்துப் பார்த்தது பச்சையாக இருந்தால் அது பசுநீலம், மற்றவை நீலமாக இருந்தால் பசுநீலம். அந்த நாள் வரும்வரை நாம் பார்த்த ஒவ்வொரு பச்சை மரகதமும் பசுநீலமும்தான். ஒரே சான்றுகள் இரண்டு முடிவுகளையும் சமமாகத் தாங்குகின்றன. இனி பார்க்கப்போகும் மரகதங்கள் பச்சை என்கிறது ஒன்று, நீலம் என்கிறது மற்றொன்று. இதைச் சொல் விளையாட்டு என்று ஒதுக்கத் தோன்றும். ஒதுக்கிப் பாருங்கள், ‘பச்சை’ மட்டும் ஏன் இயல்பான குணம் என்று விளக்க வேண்டிவரும். அதை விளக்க மரகதங்கள் உதவாது. எந்த ஒழுங்கை எதிர்காலத்துக்கு நீட்டுவது என்பதைச் சான்றுகள் சொல்வதில்லை. அதை நாம்தான் கொண்டுவருகிறோம்.

காண்ட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவர் ரசிகர்கள் மன்னிக்கட்டும். 1781-இல் அவர் சொன்னது: நாம் கொண்டுவருவது குறையல்ல, அனுபவம் சாத்தியமாவதே அதனால்தான். வெளி, காலம், காரணம் எல்லாம் மனம் அனுபவத்துக்குப் போடும் சட்டகம். ஆகவே அனுபவிக்கக்கூடிய உலகில் அவை பொருந்தியே தீரும். அதற்கு அப்பால் உள்ளதைப் பற்றி வாய்திறக்கக் கூடாது. அழகான ஏற்பாடு. ஆனால் அந்த வெளிக்கு யூக்ளிடின் வடிவியல்தான் என்று அவர் கருதியிருந்தார். 1829-இல் லோபசெவ்ஸ்கியும் 1832-இல் போயாயும் யூக்ளிட் அல்லாத வடிவியலை வெளியிட்டார்கள். 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பை விளக்க வளைந்த வெளியையே எடுத்துக்கொண்டார். சட்டகம் ஒன்று தேவை என்பது சரியாகவே இருக்கட்டும். அது மாறாதது, ஒன்றே ஒன்றுதான் என்பது நிற்கவில்லை.

அறிவையும் அனுபவத்தையும் சேர்த்து ஓட்டும் அறிவியலாவது தப்பியதா? யுரேனஸ் கோள் நியூட்டனின் கணக்குப்படி நகரவில்லை. நியூட்டனைச் சந்தேகிப்பதா? பிரான்ஸின் லெவெரியே அப்படிச் செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்று வைத்து, அது இருக்க வேண்டிய இடத்தைக் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் யோகான் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். கணித்த இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது. அடுத்து, புதன் கோளின் பாதையிலும் சின்னப் பிசகு. 1859-இல் அதே லெவெரியே, அதே நியாயத்தின்படி, சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. பல ஆண்டுகள் தேடினார்கள், சிலர் பார்த்ததாகவும் சொன்னார்கள். அப்படி ஒரு கோள் இல்லை. நூற்றாண்டுக்கு சுமார் 43 கோணவிநாடி (ஒரு கோணவிநாடி என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) அளவுள்ள அந்தப் பிசகை 1915-இல் பொதுச் சார்பியல் விளக்கியது. இந்த முறை தவறியது நியூட்டன்.

லெவெரியே இரண்டு தடவையும் செய்தது ஒன்றுதான். முதல் தடவை மேதை, இரண்டாம் தடவை ஏமாந்தவர். கணக்கும் காட்சியும் பொருந்தவில்லை என்பதை மட்டும்தான் அனுபவம் சொன்னது. தவறு எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. பியர் டூயம் 1906-இல் இதைத் தெளிவாக எழுதினார்: ஒரு சோதனையில் தோற்பது தனி ஒரு கருதுகோள் அல்ல, ஒரு கூட்டமே. 1951-இல் அமெரிக்கத் தத்துவவாதி குவைன் இன்னும் போய், அந்தக் கூட்டத்தில் தர்க்கத்தையும் கணிதத்தையும்கூடச் சேர்த்துவிட்டார். எதைக் கைவிடுவது, எதைக் காப்பாற்றுவது என்பதை வந்த சான்று மட்டும் தனியாகத் தீர்மானிப்பதில்லை.

இவ்வளவு தூரம் வந்தபின், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடலாம். பலர் அப்படித்தான் எழுந்துபோகிறார்கள். ஆனால் இனிமேல்தான் ஐயத்தின் முறை வருகிறது.

அனுபவம் ஒன்றே அளவை, அதாவது அறிவு பெறும் வழி, என்று சொன்ன பழைய இந்தியக் கட்சி சார்வாகர்கள், அதாவது பூதவாதிகள். கருதலை, அதாவது அனுமானத்தை, அவர்கள் ஏற்கவில்லை. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பதில் அந்த ‘எல்லாம்’ யாருடைய கண்ணுக்கும் தெரிந்ததில்லை என்பது அவர்கள் வாதம். ஹியூமுக்கு வெகு காலம் முன்பே வந்த ஹியூம் பிரச்சினை. மணிமேகலைக் காப்பியத்தில் சமயவாதிகளின் கொள்கைகளை மணிமேகலை கேட்டறியும் பகுதியில் பூதவாதியும் பேசுகிறான். அவள் தன் முற்பிறப்பை அறிந்ததாகச் சொன்னதும், அவன் தயங்காமல் மறுக்கிறான்: தெய்வ மயக்கத்தாலும் கனவாலும் மனம் மாறுபடும், ஆகவே அது ஐயம்தான். தெய்வம் மயக்கும், கனவு ஏமாற்றும். தெகார்த்தின் இரண்டு ஆயுதங்களும் இங்கே இரண்டு அடிகளுக்குள் கிடக்கின்றன. அவளுடைய திருப்பித் தாக்குதல் இன்னும் கூர்மை: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி நீ அறிந்தாய்?

இந்தப் பதில் முற்பிறப்பை நிரூபிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதிராளி சந்தேகப்படுவதற்கே எந்தப் படியில் நின்றுகொண்டிருக்கிறான் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். இருபதாம் நூற்றாண்டில் வியன்னா வட்டம் என்ற அனுபவவாதத் தத்துவக் குழுவினருக்கும் இதே அடி விழுந்தது. அனுபவத்தால் சரிபார்க்கவும் முடியாத, தர்க்கத்தாலேயே உண்மையும் ஆகாத வாக்கியம் பொருளற்றது என்றார்கள். அந்த வாக்கியத்தையே எந்த அனுபவத்தால் சரிபார்ப்பது?

ஐயவாதிகளின் பலமான வாதம் வேறொன்று. ஏறத்தாழ ஒரே காலத்தில், கி.பி. இரண்டு, மூன்றாம் நூற்றாண்டு வாக்கில், கிரேக்க மொழியில் செக்ஸ்டஸ் எம்பிரிகஸும் வடமொழியில் நாகார்ஜுனரும் அதை எழுதினார்கள். பொருட்களை அளவைகளால் அறிகிறோம் என்றால், அளவைகளை எதனால் அறிகிறோம்? வேறு அளவையால் என்றால் அதற்கு இன்னொன்று, முடிவே இல்லை. ஒன்றையொன்று தாங்குகின்றன என்றால் சுழல். தாங்கல் தேவையில்லை என்றால் வெறும் பிடிவாதம். கஸாலி சிக்கியதும் தெகார்த் சுழன்றதும் இந்த மூன்று சந்துகளில்தான்.

இதற்கு வந்த பதில்களில் எனக்கு மிகவும் பிடித்தது நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபினுடையது. பத்தாம் நூற்றாண்டின் உதயணர் சார்வாகனை நோக்கி இப்படிப் போகிறார். வேறு இடத்தில், வேறு காலத்தில் நெருப்பில்லாத புகை இருக்கலாம் என்று நீ சந்தேகிக்கிறாய். நீ பார்த்திராத அந்த வேறு இடமும் வேறு காலமும் உனக்கு எப்படித் தெரிந்தன? அனுமானத்தால்தான். ஆக, சந்தேகம் இருந்தால் அனுமானம் உண்டு. சந்தேகம் இல்லையென்றால் பிரச்சினையே இல்லை. சந்தேகத்துக்கு எல்லை எது? முரண்பாடு வரும்வரைதான் அது ஓடும் என்கிறார். நெருப்பு வேண்டியதில்லை, புகை தானாகவும் வரும் என்று சொல்லிக்கொண்டே, புகை வேண்டும்போதெல்லாம் நெருப்பைத் தேடிப் போகிறவனின் செயல் அவன் பேச்சோடு முரண்படுகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் வந்தார். நளன் கதையை வடமொழியில் பெருங்காவியமாகப் பாடிய அதே ஸ்ரீஹர்ஷர்தான், கவிஞர் குறும்பு இங்கேயும் தெரிகிறது. உதயணரின் செய்யுளையே எடுத்து, சில சொற்களை மட்டும் மாற்றி, எதிர்ப் பொருள் வரும்படி திருப்பிவிட்டார். முரண்பாடு என்றால் எதற்கும் எதற்கும்? சந்தேகத்துக்கும் செயலுக்கும். சந்தேகம் இருந்தால்தானே அதோடு செயல் முரண்பட முடியும்? அப்படியானால் முரண்பாடு இருக்கும் இடத்திலெல்லாம் சந்தேகமும் இருக்கிறது. அது எப்படிச் சந்தேகத்துக்கு எல்லையாகும்? படித்தால் ஒரு கணம் மூச்சு நிற்கும் எதிர்வாதம்.

பதினான்காம் நூற்றாண்டில் மிதிலையின் கங்கேசர் பதில் சொன்னார். சந்தேகத்தைத் தடுப்பது முரண்பாடு என்ற மூன்றாவது பொருள் அல்ல; சந்தேகிப்பதாகச் சொல்பவனின் செயலேதான். பசியாற உணவையும், புகைக்கு நெருப்பையும், பிறருக்குப் புரியவைக்கச் சொற்களையும் தவறாமல் தேடுகிறவனிடம் அந்தச் சந்தேகம் முதலிலேயே இல்லை. நெருப்பில்லாமல் புகை வருமோ என்று வாயால் சொல்லலாம். சொன்னதாலேயே சந்தேகம் பிறந்துவிடாது.

ஐரோப்பாவில் இதே திருப்பம் வெகு நாள் கழித்து, வேறு வழியில் வந்தது. நெஞ்சில் சந்தேகிக்காததைத் தத்துவத்தில் சந்தேகிப்பதுபோல நடிக்க வேண்டாம் என்று சார்லஸ் பர்ஸ் 1868-இல் தெகார்த்துக்கு எதிராக எழுதினார். 1939-இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜி. இ. மூர் ஓர் உரையின்போது இரண்டு கைகளையும் உயர்த்தி, இதோ ஒரு கை, இதோ இன்னொரு கை, ஆகவே வெளியுலகம் இருக்கிறது என்று நிரூபித்துவிட்டதாகச் சொன்னார். சிரிப்பு வரும். இன்னொரு தத்துவவாதியான விட்கன்ஸ்டைனுக்கோ அது சாகும்வரை விடாத முள்ளாயிற்று. 1951 ஏப்ரல் 29 அன்று இறந்த அவர், அதற்கு இரண்டு நாள் முன்புவரை இதைப் பற்றிக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தார். ‘எனக்குக் கை இருப்பது எனக்குத் தெரியும்’ என்று சொன்னதில் மூர் தவறினார் என்பது அவர் எண்ணம். அது அறிவு என்ற கணக்கில் வராது, அறியாமை என்ற கணக்கிலும் வராது. கதவு திரும்ப வேண்டுமானால் கீல் அசையாமல் இருக்க வேண்டும். எதையாவது சந்தேகிக்க வேண்டுமென்றால் வேறு எதையோ அசையாமல் விட்டாக வேண்டும். எல்லாவற்றையும் சந்தேகிக்கப் புறப்படுபவன் சந்தேகம் என்ற நிலைவரைக்கும்கூடப் போய்ச் சேரமாட்டான்.

இதை வெற்றி என்று கொண்டாட நான் தயாராக இல்லை. ஸ்ரீஹர்ஷருக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. நான் சந்தேகிக்கவில்லை என்பதைத்தான் என் செயல் காட்டுகிறது. நான் நம்புவது உண்மை என்பதை அது காட்டுமா? எலியும்தான் பொறியைச் சந்தேகிக்காமல் போகிறது. வெளியுலகம் இருக்கிறது என்பதற்கு நிரூபணம் இல்லாததைத் தத்துவத்தின் அவமானம் என்றார் காண்ட், 1787-இல். அந்த நிரூபணத்தை மறுபடி மறுபடி எதிர்பார்ப்பதுதான் அவமானம் என்றார் ஹைடெகர், 1927-இல். இடைவெளி மூடப்படவில்லை என்பதில் ஹியூமின் பக்கமும், எல்லா ஐயத்துக்கும் ஒரே உரிமை கிடையாது என்பதில் கங்கேசரின் பக்கமும் நான் நிற்கிறேன். இரண்டும் சேர்ந்து நிற்க முடியும்.

முடியும் என்பதற்கு சிகரெட் வழக்கையே பார்க்கலாம். 1950 முதல் பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும், அமெரிக்காவில் வேறு சிலரும், புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்று மிக அதிகம் என்று காட்டினார்கள். ரொனால்ட் ஃபிஷர், நவீனப் புள்ளியியலைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர், ஏற்க மறுத்தார். சேர்ந்து வருவது காரணமாகிவிடாது. புகைக்கவும் தூண்டி, புற்றையும் தரும் மரபணுக் கூறு ஒன்று இருக்கலாமே? அவர் புகையிலை உற்பத்தியாளர் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார், பைப் பிடிப்பவரும்கூட. அதையெல்லாம் விட்டுவிட்டு வாதத்தை மட்டும் பார்த்தால், இது காரணமுள்ள ஐயம். எதையோ குறிப்பாகச் சொல்கிறது, ஆகவே பதில் சொல்ல முடிகிறது. 1959-இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் சொன்னார்கள்: புகைப்பவர்களுக்கு இந்த நோய் ஒன்பது மடங்கு என்றால், அதை முழுக்க விளக்கும் அந்த மறைந்திருக்கும் கூறு புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு பரவியிருக்க வேண்டும். அப்படி ஒன்றை எடுத்துக்காட்டுங்கள். யாரும் காட்டவில்லை.

ஓர் அமெரிக்க சிகரெட் நிறுவனத்தின் 1969-ஆம் ஆண்டு உள்குறிப்பு ஒன்று பின்னாளில் வெளியே வந்தது. சந்தேகமே எங்கள் உற்பத்திப் பொருள் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருந்தது. இந்தச் சந்தேகம் எந்த மாற்றுக் காரணத்தையும் முன்வைப்பதில்லை. இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை என்று மட்டும் சொல்கிறது. ஹியூமின் தரத்தில் அது உண்மைதான், முழுதாக நிரூபணமான காரணம் உலகில் ஒன்றுகூடக் கிடையாது. தீக்குச்சியை உரசினால் பற்றும் என்பதும் அந்தக் கணக்கில் நிரூபணமாகாததுதான். ஆனால் புகை நோயைத் தரும் என்பதற்கு இன்னும் ஆதாரம் கேட்பவர், அடுத்த சிகரெட்டுக்குத் தீக்குச்சியை உரசும்போது அந்த ஆதாரத்தைக் கேட்பதில்லை.